ஸ்ட்ரிங்குக்குள் ஒரு வாய்பாடு

இருப்பு * 1000000000 / (திறப்பு * 86400)

மேட்டூரில் எத்தனை டி.எம்.சி. இருக்கிறது, நொடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். வரத்தே இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும் என்று இந்த வரி சொல்லிவிடும். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி, ஒரு நாளுக்கு 86,400 நொடி. முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. இருந்து, 12,000 கன அடி திறந்தால் 90 நாள் வரும். இதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டால் பேச ஒன்றுமில்லை. டேட்டாபேஸில் ஒரு ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துச் சரமாகப் போட்டுவைத்து, புரோகிராம் ஓடும்போது எடுத்துக் கணக்குப் போடச் சொல்லும்போதுதான் சிக்கல்கள் வரிசை கட்டுகின்றன.

ஸ்ட்ரிங்காக வைக்க வேண்டிய தேவை டெல்டாவில் நிறையவே உண்டு. நிலக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தஞ்சை வட்டாரத்தில் குழி என்றால் 12க்கு 12, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அப்படிப் பார்த்தால் ஒரு மா 33 சென்ட் சொச்சம், ஒரு வேலி 6.61 ஏக்கர். பேச்சில் ‘மூணு மா ஒரு ஏக்கர்’ என்று முடித்துவிடுவார்கள். மாவட்டம் தாண்டினால் குழியின் அளவே வேறு. நெல்லுக்கு வருவோம். கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம்; மழையில் நெல் நனைந்த பருவங்களில் மத்திய அரசு அதைத் தளர்த்திய ஆண்டுகள் உண்டு. ரைஸ் மில்லில் காய்ச்சலுக்குப் பிறகு நிற்கும் எடையைக் கணக்கிட இப்படி ஒரு வாய்பாடு வேண்டும்:

எடை * (100 - ஈரம்) / (100 - வரம்பு)

21 சதவீத ஈரத்தில் வந்த 1,000 கிலோ, 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் 951.8 கிலோ நிற்கும். ‘நாலு சதம்தானே கூடுதல், 40 கிலோ கழி’ என்று 960 போடுகிறவர்களும் உண்டு. கூடவே தூசி, பதர் கழிவு என்று ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு வழக்கம். மன்னார்குடியில் கணக்கு எழுதுகிறவர் ஒரு கழிவை மாற்ற வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் புரோகிராமர் புது வெர்ஷன் போடும்வரை காத்திருக்க முடியாது. அதனால் வாய்பாடு ஸ்ட்ரிங் ஆகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாறுவது 17 என்ற எண் மட்டுமே என்றால் வாய்பாட்டை வெளியே எடுக்காதீர்கள். ‘வரம்பு’ என்று ஒரு நெடுவரிசை போட்டு எண்ணை மட்டும் டேபிளில் வையுங்கள். கணக்கின் வடிவமே மாறும் என்றால்தான் கீழே உள்ள பாடெல்லாம் தேவை. பாதிப் பேருக்கு இந்தப் பத்தியோடு வேலை முடிந்துவிடும்.

மூன்று வாசல்கள்

பைத்தான் மொழியை வைத்தே பேசுகிறேன். ஸ்ட்ரிங்கைக் கணக்காக ஓட்ட அதில் மூன்று ஃபங்ஷன்கள்: இவால், எக்ஸெக், கம்பைல். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன். எடிட்டரில் அவை வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான். வேரியபிள் பெயர்களை மட்டும் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்கும்.

இவால் ஒரு மதிப்பைத் தரும் கோவையை, அதாவது எக்ஸ்பிரஷனை மட்டும் எடுக்கும். மேலே உள்ள வாய்பாட்டின் முன்னால் ‘நாள் =’ என்று சேர்த்தாலே சின்டாக்ஸ் எரர். ஈக்குவல் போட்டு எழுதுவது கட்டளை, கோவை அல்ல. கட்டளைகளுக்கு எக்ஸெக், அது எதையும் திருப்பித் தராது. மூன்றாவது கம்பைல். முதல் இரண்டும் ஸ்ட்ரிங்கை வாங்கியதும் உள்ளுக்குள் செய்கிற வேலையைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது இதுதான். ஸ்ட்ரிங்கைச் சொல் சொல்லாக உடைத்து, எதற்குள் எது என்று கிளை பிரித்து மரமாக்கி, பைத்தான் ஓட்டும் பைட்கோடாக மாற்றி, ஒரு கோட் ஆப்ஜெக்ட்டைக் கையில் தரும். அதை இவாலிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இந்தப் பிரிவினைதான் முக்கியம். சின்ன வாய்பாட்டைப் பொறுத்தவரை, ஓட்டுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் கம்பைல் செய்ய ஆகும் நேரம் பல மடங்கு அதிகம். சம்பா அறுவடை நேரத்தில் ஆயிரக்கணக்கான எடைச்சீட்டுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஸ்ட்ரிங்கையே இவாலிடம் நீட்டினால் ஒரே வாய்பாட்டை ஆயிரம் முறை கம்பைல் செய்கிறோம். ஒருமுறை கம்பைல் செய்து, மறுபடி எடுக்க ஏதுவாக கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் தொடாததை முதலில் கழிக்கும் எல்ஆர்யூ கேஷ் போட்டால் அதன் அளவு வரம்பை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

நேரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. கம்பைல் செய்யவேண்டியது கணக்கர் ‘சேமி’ பட்டனை அழுத்தும்போது. பிழை இருந்தால் எழுதியவர் கண்முன்னே அப்போதே தெரியட்டும். ராத்திரி பதினோரு மணிக்குக் களத்தில் லாரி நிற்கும்போது பில் போடுகிறவருக்குத் தெரிந்து என்ன பயன்?

சின்னதாக ஒரு பள்ளம். இவாலிடம் நேராக ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் முன்னால் இருக்கும் ஸ்பேஸையும் டேபையும் அதுவே தள்ளிவிடும். கம்பைல் தள்ளாது, இன்டென்டேஷன் எரர் என்று நின்றுவிடும். இவாலிலிருந்து கம்பைலுக்கு மாறிய அன்று, நேற்றுவரை ஓடிய வாய்பாடுகள் சில விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்ட்ரிப் போட்டுவிட்டுக் கொடுங்கள்.

கோட் ஆப்ஜெக்ட்டில் கோ_நேம்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். வாய்பாடு தேடும் பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். சேமிக்கும்போதே அதை நம்மிடம் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ‘ஈரம்’ என்பதற்குப் பதில் ‘ஈரப்பதம்’ என்று எழுதியதை அங்கேயே பிடித்துவிடலாம். டிஃப்லிப் மாட்யூலில் உள்ள நெருக்கமான பெயர் தேடும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, ‘ஈரம் என்று சொல்ல வந்தீர்களா?’ என்று கேட்கவும் முடியும். ஒரு பெயரில் இடைவெளி வரக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ‘நெல் எடை’ செல்லாது, ‘நெல்_எடை’ செல்லும்.

எழுத்து ஒன்று, உள்ளே இரண்டு

தமிழில் பெயர் வைக்கலாம் என்று சொன்னதற்கு ஒரு விலை இருக்கிறது. இணையத்தில் இவால் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

‘கொள்ளளவு’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தான ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. க-வோடு எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எந்த கீபோர்டில் அடித்தார்கள், எங்கிருந்து காப்பி செய்தார்கள் என்பதைப் பொறுத்து எது வேண்டுமானாலும் வரும்.

பைத்தான் கோடுக்குள் வரும் பெயர்களை என்எஃப்கேசி என்ற முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே வாய்பாட்டுக்குள் எப்படி அடித்திருந்தாலும் சேர்ந்த வடிவமாகிவிடும். ஆனால் நாம் மதிப்புகளைக் கொடுப்பது, பெயரும் மதிப்பும் ஜோடியாக நிற்கும் டிக்ஷனரியில். அதில் உள்ள பெயர், அதாவது கீ, வெறும் ஸ்ட்ரிங், அதைப் பைத்தான் தொடாது. டேட்டாபேஸில் நெடுவரிசையின் பெயர் பிரிந்த வடிவத்தில் இருந்தால், ‘கொள்ளளவு’ என்ற கீ டிக்ஷனரியில் கண்ணுக்கு நேராக இருக்கும், நேம் எரரும் வரும். ‘கொள்ளளவு என்ற பெயர் இல்லை’ என்று எரர் சொல்லும், பிரிண்ட் செய்தால் கொள்ளளவு நிற்கும். லென் போட்டு நீளத்தைப் பார்த்தால் ஒன்று கூடுதலாக இருக்கும், குட்டு உடைந்துவிடும்.

தீர்வு, டிக்ஷனரி கீ ஒவ்வொன்றையும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் வழியாக அனுப்புவது. கீகளுக்கு என்எஃப்கேசி சரி. அதே சூட்டோடு வாய்பாட்டு ஸ்ட்ரிங் முழுவதையும் என்எஃப்கேசியில் போடாதீர்கள். அது மேலே ஏறி நிற்கும் சின்ன 2-ஐ, அதாவது வர்க்கக் குறியைச் சாதாரண 2 ஆக்கிவிடும்: ‘5²’ சத்தமில்லாமல் 52 ஆகும். வாய்பாட்டுக்கு என்எஃப்சி என்ற இன்னொரு முறை போதும். அது ‘கொ’வை ஒட்டவைக்கும், ‘²’-ஐத் தொடாது. பைத்தான் பிறகு அதை எரர் என்று திருப்பி அனுப்பும். அதுதான் நமக்கும் வேண்டியது.

இதே வாய்பாட்டை பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஓட்டுவதாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை நார்மலைஸ் செய்வதே இல்லை. இரண்டு ‘கொள்ளளவு’ம் அதற்கு இரண்டு வேரியபிள்கள். க்ஷ என்று ஒட்டிவிடாமல் தடுக்க இடையில் போடுவார்களே, கண்ணுக்குத் தெரியாத ஒட்டாக்குறி, அதையும் ஜாவாஸ்கிரிப்ட் பெயரின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளும். பைத்தான் அச்சாகாத எழுத்து என்று சொல்லி நிறுத்திவிடும். வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டு ஃபைலிலிருந்தும் ஒட்டும் வாய்பாடுகளில் இந்த மாதிரித் தெரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். வரி முறியாத ஸ்பேஸும் அந்தக் கூட்டம்தான். ஒட்டாக்குறிகளை நீக்கிவிட்டு, அந்த ஸ்பேஸைச் சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட்டே மேற்கொண்டு போக வேண்டும். போன் கீபோர்டில் விழும் ‘×’, ‘÷’ இரண்டையும் ‘*’, ‘/’ ஆக மாற்றிக்கொடுப்பது கணக்கருக்குச் செய்யும் உபகாரம். ‘₹’ வந்தால் மாற்றாமல் நேராகத் திருப்பி அனுப்புங்கள்.

எண்களிலும் ஒரு வேடிக்கை. தமிழ் எண்களான ‘௧௨’-ஐ இன்ட் ஃபங்ஷனிடம் ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் 12 என்று ஒழுங்காகத் தரும். அதே ‘௧௨’-ஐ வாய்பாட்டுக்குள் எழுதினால் சின்டாக்ஸ் எரர். படிவத்தின் எண் கட்டத்தில் செல்லுபடியாவது வாய்பாட்டுக் கட்டத்தில் செல்லாது. பழைய பத்திரங்களில் இருப்பதுபோல் ௰, ௱ போட்டு எழுதினால் இன்ட்டும் கைவிரித்துவிடும், ஏனென்றால் அவை இலக்கமாகவே யூனிகோடில் பதிவாகவில்லை. மா, காணி போன்ற பின்னக் குறிகள் 2019இல் யூனிகோட் 12.0-இல் சேர்ந்தன. அவற்றைத் திரையில் காட்டலாம், கணக்குப் போட முடியாது.

பிழை எங்கே என்று சுட்டிக்காட்டுவதிலும் தமிழ் தன் கைவரிசையைக் காட்டும். ‘நீர்மட்டம்’ என்பதில் நாம் எண்ணுவது ஆறு எழுத்து. யூனிகோட் கணக்கில் 10, யூடிஎஃப்-8 பைட் கணக்கில் 30. சின்டாக்ஸ் எரர் தரும் ஆஃப்செட் யூனிகோட் எழுத்துக் கணக்கு, ஒன்றிலிருந்து தொடங்கும். மரத்தின் கணுக்களில் உள்ள கால்_ஆஃப்செட் பைட் கணக்கு, பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டையும் ஒரே மாதிரி எடுத்து ஸ்ட்ரிங்கை வெட்டினால், ஆங்கிலப் பெயர்களுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது தமிழில் எங்கோ போய் நிற்கும். பைட் ஆக்கி, வெட்டி, திரும்ப ஸ்ட்ரிங் ஆக்க வேண்டும்; மரத்தைக் கையாளும் ஏஎஸ்டி மாட்யூலின் கெட்_சோர்ஸ்_செக்மென்ட் அதைச் செய்துகொடுக்கும். கீழே ‘^’ போட்டுக் காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். எழுத்தின் அகலம் எதற்கும் கட்டுப்படாது. பிழையான துண்டுக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது மேல்.

கணக்கர் எழுதியது ஒன்று, கம்ப்யூட்டர் படித்தது ஒன்று

சின்டாக்ஸ் எரர் வந்தால் நல்லது என்றே சொல்வேன். பயப்பட வேண்டியது எரர் வராத தப்புக்கு.

1,25,000 என்று நம் வழக்கப்படி கமா போட்டு எழுதினால் பைத்தான் அதை எண்ணாகப் படிக்காது. 1, 25, 0 என்ற மூன்று உறுப்புள்ள டியூப்பிளாக, அதாவது தொகுப்பாகப் படிக்கும். ‘1,25,000 * 2’ என்றாலும் விடை அதே மூன்று உறுப்புகள்தான். 1,25,050 என்றால் எரர் வந்துவிடும், ஏனென்றால் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அது ஏற்காது. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் ஏற்கும். ஆக, ரவுண்டான தொகைகள்தான் ஏமாற்றும். டியூப்பிளைத் தடைசெய்தால் போதும் என்று தோன்றும், போதாது. இரண்டில் சிறியதைத் தரும் ஃபங்ஷனுக்குள் ‘சிறியது(1,25,000, தொகை)’ என்று எழுதினால் அது நான்கு ஆர்க்யுமென்ட், அதாவது நான்கு தனி மதிப்பு. விடை எப்போதும் 0. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எத்தனை ஆர்க்யுமென்ட் என்று கறாராக எண்ணிப் பார்த்தால்தான் இது மாட்டும். கமாவுக்குப் பதில் 1_25_000 என்று அடிக்கோடு போட்டால் பைத்தான் 3.6-இலிருந்து ஏற்கும்.

எக்ஸெலில் பழகியவர் தரகு நாலு சதவீதமும் பத்து ரூபாய் கூலியும் சேர்த்து இப்படி எழுதுவார்:

தொகை * 4% + 10

எக்ஸெலில் தொகை 1,000 என்றால் விடை 50. பைத்தானில் ‘%’ என்பது வகுத்தால் வரும் மீதி, ‘+10’ என்பது வெறும் பத்து. ஆக 4,000-ஐ 10-ஆல் வகுத்த மீதி: 0. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, பில்லில் தரகு பூஜ்யம். மீதி காணும் தேவை இந்த வாய்பாடுகளில் வருவதே அரிது. அந்தக் குறியைத் தடைசெய்துவிட்டு, சதவீதத்துக்கு ‘* 4 / 100’ என்று எழுதச் சொல்லுங்கள்.

‘^’ எக்ஸெலில் அடுக்கு. பைத்தானில் பிட் கணக்கு: 10^3 என்றால் 9 வரும். பைத்தானில் அடுக்குக்கு ‘**’; ‘-2**2’ அங்கே -4. எக்ஸெலில் அதையே ‘-2^2’ என்று எழுதினால் 4. ஜாவாஸ்கிரிப்ட்டோ ‘-2**2’-ஐ அடைப்புக்குறி இல்லாமல் ஏற்காது. ஈரத்தைச் சோதிக்கும் ‘0 < ஈரம் < 17’ பைத்தானில் கணக்குப் புத்தகத்தில் உள்ளபடியே வேலை செய்யும். ஜாவாஸ்கிரிப்ட்டில் முதலில் ‘0 < 21’ உண்மை என்றாகி, அந்த உண்மை 1 என்றாகி, 1 என்பது 17-க்குக் கீழே என்று 21 சதவீத நெல்லும் தேறிவிடும். பிரவுசரில் ஒருமுறை, சர்வரில் ஒருமுறை என்று ஒரே ஸ்ட்ரிங்கை இரண்டு மொழிகளில் ஓட்டும் திட்டம் எனக்குப் பிடிக்காததற்கு இது ஒன்றே போதும். சர்வரில் மட்டும் ஓட்டுங்கள்.

ரவுண்டு செய்வதும் அப்படித்தான். பைத்தான் 3-இல் 2.5-ஐ ரவுண்டு செய்தால் 2, எக்ஸெலில் 3. 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்தால் பைத்தான் 2.67 தரும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஃப்ளோட், அதாவது இரும வடிவில் வைத்த தசம எண், 2.675-க்கு ஒரு மயிரிழை கீழே நிற்கிறது. பணக் கணக்குக்கு டெசிமல் என்ற எண் வகை வேண்டும். ஆனால் தொகையை டெசிமலாகக் கொடுத்தாலும் வாய்பாட்டுக்குள் எழுதிய 0.46 ஃப்ளோட்; இரண்டையும் பெருக்கினால் டைப் எரர். மரத்தில் வரும் ஒவ்வொரு ஃப்ளோட் எண்ணையும், அதையே ஸ்ட்ரிங்காக வாங்கும் டெசிமல் அழைப்பாக மாற்றிவிட்டுக் கம்பைல் செய்வதுதான் வழி. மாற்றியபின் ஃபிக்ஸ்_மிஸ்ஸிங்_லொகேஷன்ஸ் கூப்பிடாவிட்டால், வரி எண் இல்லை என்று கம்பைல் முரண்டு பிடிக்கும்.

இத்தனையும் கணக்கருக்குப் பாடம் நடத்தித் தீராது. அதைவிட எளிய காவல் ஒன்று: வாய்பாட்டோடு ஒரு மாதிரிக் கணக்கும் கேளுங்கள். ‘எடை 1,000, ஈரம் 21, வரம்பு 17, விடை 951.8’ என்று அவர் கையால் போட்ட கணக்கு. சேமிக்கும்போது ஓட்டிப் பாருங்கள், விடை பொருந்தாவிட்டால் சேமிக்காதீர்கள். தரகு வாய்பாடு அங்கேயே மாட்டிவிடும். 50 என்று எழுதியவருக்கு 0 என்று திரை காட்டும். அந்த மாதிரிக் கணக்கையும் வாய்பாட்டோடு டேபிளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

பூட்டு

இவால் ஆபத்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு ஆபத்து என்பது தெரிந்தால் நல்லது. வாய்பாட்டுக் கட்டத்தில் எழுதும் ஒருவர், இம்போர்ட் செய்யும் உள் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு பேசும் ஓஎஸ் மாட்யூலைக் கொண்டுவந்து, சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். சர்வர் கையைவிட்டுப் போனது என்று பொருள்.

அதற்கு மருந்து என்று பலரும் சொல்வது, வாய்பாடு பெயர்களைத் தேடும் குளோபல்ஸ் டிக்ஷனரியில் பில்டின்ஸுக்கு, அதாவது பைத்தானின் உள் ஃபங்ஷன்களுக்கு, காலி டிக்ஷனரியைக் கொடுப்பது. செய்யவேண்டியதுதான், செய்யாவிட்டால் பைத்தான் தானாகவே முழு பில்டின்ஸையும் உங்கள் டிக்ஷனரிக்குள் திணித்துவிடும். ஆனால் அது பூட்டு ஆகாது. ஒரு வெற்று அடைப்புக்குறியை எழுதினாலே அது ஒரு டியூப்பிள். அதன் கிளாஸைக் கேட்கலாம், கிளாஸின் தாயான ஆப்ஜெக்ட்டைக் கேட்கலாம், ஆப்ஜெக்ட்டின் வாரிசுகள் அத்தனையையும் பட்டியலாகக் கேட்கலாம். அந்தக் கூட்டத்தில் ஓஎஸ் வரை வழி தெரிந்த ஒரு கிளாஸ் எப்படியும் இருக்கும். எல்லாம் புள்ளி வைத்து அட்ரிப்யூட் கேட்கும் வேலை, ஒரு பில்டினும் தேவையில்லை. ‘இம்போர்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஸ்ட்ரிங்கில் தேடுவதும் வீண்.

மரத்தைப் பார்த்து, அனுமதித்ததை மட்டும் விடுவதே பூட்டு. ஏஎஸ்டி பார்ஸை இவால் மோடில் கூப்பிட்டு, வரும் மரத்தின் ஒவ்வொரு கணுவையும் வாக் மூலம் நடந்து பாருங்கள். எக்ஸ்பிரஷன், பின்ஆப், யூனரிஆப், கம்பேர், பூல்ஆப், இஃப்எக்ஸ்ப், நேம், கான்ஸ்டன்ட், கால் (ஃபங்ஷனைக் கூப்பிடுவது) ஆகியவை போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒப்பீட்டுக் குறிகள், ஆண்ட்-ஆர் எல்லாமே தனிக் கணுக்கள். நேமுக்குள் ‘லோட்’ என்று ஒன்றும் இருக்கும். இவற்றைப் பட்டியலில் சேர்க்க மறந்தால் ‘1 + 1’ கூடத் தேறாது. அட்ரிப்யூட், சப்ஸ்கிரிப்ட், லாம்டா, காம்ப்ரிஹென்ஷன், எஃப்-ஸ்ட்ரிங் எதையும் விடாதீர்கள். ‘கால்’ கணுவில் கூப்பிடப்படுவது வெறும் பெயராக இருக்கவேண்டும், அந்தப் பெயர் நம் பட்டியலில் இருக்கவேண்டும். கான்ஸ்டன்ட் என்றால் இன்ட் அல்லது ஃப்ளோட் மட்டும். இதை ஐஎஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு சோதித்தால் ட்ரூவும் ஃபால்ஸும் இன்ட் என்று நுழைந்துவிடும், டைப்பையே நேராக ஒப்பிடுங்கள். ‘1e999’ மாதிரி எழுதினால் முடிவிலி ஆகும், அதையும் தடுங்கள். ஸ்ட்ரிங் கான்ஸ்டன்ட்டை விட்டால் ஃபார்மட் வழியாகவும், ஆயிரம் கோடி மடங்கு பெருக்கி மெமரியை நிரப்பும் வழியாகவும் கதவு திறக்கும்.

அடுக்குக் குறியை நான் சேர்க்கவில்லை. 9**9**9 என்று ஆறேழு எழுத்தில் சர்வரை மூச்சுமுட்ட வைக்கலாம். வர்க்கம் வேண்டுமென்றால் ஒருமுறை பெருக்கி எழுதட்டும், அல்லது ‘வர்க்கம்’ என்று ஒரு ஃபங்ஷன் கொடுங்கள். வாய்பாட்டின் நீளத்துக்கு 500 எழுத்து என்பதுபோல் ஒரு வரம்பு, பார்ஸுக்கு முன்பே. அளவுக்கு மீறி ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புக்குறி அடுக்கிய ஸ்ட்ரிங், பார்ஸ் ஆகும்போதே இன்டர்பிரட்டரைக் கவிழ்க்கலாம் என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. வெறும் தரவை மட்டும் படிக்கும் லிட்டரல்_இவாலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

வாய்பாடு எழுதுகிறவர்கள் முகம் தெரியாதவர்கள் என்றால் இதுவும் போதாது. தனி பிராசஸில், சிபியூ நேரத்துக்கும் மெமரிக்கும் ரிசோர்ஸ் மாட்யூலில் வரம்பு வைத்து ஓட்டுங்கள். த்ரெட்டை வெளியிலிருந்து கொல்ல முடியாது, பிராசஸை முடியும். பெயரில் ‘இவால்’ இல்லை என்பதற்காக ஒரு லைப்ரரி பாதுகாப்பானது ஆகிவிடாது. நம்எக்ஸ்பிஆர் என்ற லைப்ரரி உள்ளுக்குள் இவாலைத்தான் கூப்பிடுகிறது.

இவ்வளவு சொல்வதால் இவாலே தீண்டத்தகாதது என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் டேட்டாகிளாஸ் தன் தொடக்க ஃபங்ஷனை ஸ்ட்ரிங்காகக் கட்டி எக்ஸெக்கில்தான் ஓட்டுகிறது. நேம்ட்டியூப்பிளும் டைம்இட்டும் அதே ஜாதி. லிஸ்ப் மொழி பற்றி 1960இல் வெளியான கட்டுரைக்காக ஜான் மெக்கார்த்தி எழுதிய இவால் முதலில் காகிதத்தில் மட்டுமே இருந்தது. ஸ்டீவ் ரஸ்ஸல் அதை ஐபிஎம் 704-க்கு மெஷின் கோடாக எழுதி ஓட்டிக்காட்டினார். லிஸ்ப் அப்படித்தான் உயிர்பெற்றது. யார் எழுதிய ஸ்ட்ரிங் என்பதுதான் கேள்வி.

எக்ஸெக்கைப் பற்றி ஒரே ஒரு சங்கதி. ஒரு ஃபங்ஷனுக்குள் எக்ஸெக் மூலம் ‘அ = 5’ என்று ஓட்டிவிட்டு, அடுத்த வரியில் அ-வைக் கேட்டால் நேம் எரர்தான் வரும். ஃபங்ஷனின் லோக்கல் பெயர்கள் அது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிட்டன. லோக்கல்ஸைக் கூப்பிட்டு அ-வை எடுக்கும் குறுக்குவழி 3.12 வரை ஓடியது, 3.13-இல் அதுவும் போயிற்று. விடை வாங்க ஒரு டிக்ஷனரியை நீங்களே கொடுத்து அதிலிருந்து எடுங்கள்.

ஓடும்போது

ஜனவரி 28 வழக்கப்படி மேட்டூரை மூடும் நாள். அன்றைக்குத் ‘திறப்பு’ 0 என்று பதிவானால் முதல் வரியில் உள்ள வாய்பாடு பூஜ்யத்தால் வகுக்கும். பைத்தான் ஜீரோ டிவிஷன் எரர் தரும், ஜாவாஸ்கிரிப்ட் ‘இன்ஃபினிட்டி’ என்று திரையில் எழுதும். மாதிரிக் கணக்கு கேட்கும்போதே எல்லா மதிப்பையும் 0 ஆக்கி ஒருமுறை ஓட்டிப்பார்த்தால் இது முன்பே தெரியும். வாய்பாட்டை இப்படி மாற்றி எழுதச் சொல்லலாம். நடுவில் வரும் இஃபும் எல்ஸும் பைத்தானுடைய சொற்கள்:

இருப்பு * 1000000000 / (திறப்பு * 86400) இஃப் திறப்பு > 0 எல்ஸ் 0

இதில் 0 நாள் என்றால் தண்ணீர் இல்லை என்றும் படிக்கலாம், மூடியிருக்கிறது என்றும் படிக்கலாம். எது என்பதை அணைக் கணக்கு எழுதுகிறவர் முடிவு செய்யட்டும், புரோகிராமர் வேண்டாம்.

எரர் விழும்போது அது வந்த வழியைக் காட்டும் ட்ரேஸ்பேக்கில் ‘ஸ்ட்ரிங், வரி 1’ என்று மட்டும் வந்தால் நூறு வாய்பாட்டில் எது என்று தெரியாது. கம்பைலின் இரண்டாவது ஆர்க்யுமென்ட் ஃபைல் பெயர். அங்கே ‘<வாய்பாடு 14, பதிப்பு 3>’ என்று கொடுங்கள். லைன்கேஷ் மாட்யூலின் கேஷில் அதே பெயரின் கீழ் நீளம், நன் (பைத்தானில் ‘ஒன்றுமில்லை’ என்ற மதிப்பு), வரிகளின் பட்டியல், பெயர் என்று நான்கையும் போட்டுவைத்தால் வாய்பாட்டு வரியே ட்ரேஸ்பேக்கில் வந்து நிற்கும். இரண்டாவதாக நன் வைப்பது அவசியம். நேரம் ஏதாவது வைத்தால், அப்படி ஒரு ஃபைல் டிஸ்கில் இல்லையே என்று கேஷ் அதைத் துடைத்துவிடும்.

பதிப்பு என்றேன். வாய்பாட்டை மாற்றும்போது பழைய வரியின்மேல் எழுதாதீர்கள். புதிய வரிசை, எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற நெடுவரிசை, பில்லில் எந்தப் பதிப்பில் போட்டது என்ற எண். குறுவையில் போட்ட பில்லைப் பற்றித் தாளடியில் ஒருவர் கேட்டு வந்தால், அன்றைய வாய்பாட்டில் அதே விடை வரவேண்டும்.

டேபிளில் வைக்க வேண்டியது ஸ்ட்ரிங் மட்டுமே. கம்பைல் ஆன கோட் ஆப்ஜெக்ட்டை பிக்கிள் என்ற வழக்கமான முறையில் சேமிக்க முடியாது; மார்ஷல் என்ற இன்னொரு முறையில் வைத்தால் அடுத்த பைத்தான் பதிப்பில் அந்த பைட்கோடு செல்லாது. பைத்தானை உயர்த்தும் நாளில் டேபிளில் உள்ள எல்லா வாய்பாட்டையும், பழைய பதிப்புகள் உட்பட, புதிதாகக் கம்பைல் செய்து, கூடவே வைத்த மாதிரிக் கணக்கோடு ஒப்பிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டை முதலில் ஓட்டுங்கள். பொருந்தாத வரிசைகளின் எண்ணை மட்டும் அது அச்சிட்டால் போதும்.